மாமரத்தடியில் படிப்பிக்காத பிள்ளை

சிவமணிக்கு மனதில் ஒன்றும் வாயில் ஒன்றுமாகக் கதைக்கத் தெரியாது. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து, வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் லேன் ஒன்றில், நான்கு மாடிப் பிளாட்ஸின் இரண்டாம் மாடியில் குடியேறிய நாளிலிருந்து அவளிடம் வாங்கிக் கட்டாதவர்கள் அங்கே குறைவு. அரைகுறைச் சிங்களத்தில் மீன்காரனை ஏசுவாள். அவனும் சிரித்துக்கொண்டே கூடையின் அடியிலிருந்து நல்ல மீனாக எடுத்துக் கொடுப்பான். கலியாண வீட்டுச் சோறு குழைந்திருந்தால் பெண்ணின் தகப்பனிடமே சொல்லுவாள். மேல்மாடிப் பத்மாவதி புதுச்சீலை கட்டிக்கொண்டு வந்து, "எப்பிடி?" என்று கேட்டபோது, "சீலை நல்லாத்தான் கிடக்கு அக்கா, உங்களுக்குத்தான் சரிவரேல்லை" என்றவள் அவள்.

அப்படிப்பட்டவள் 2007ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் ஒரு விசயத்தை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வயிற்றுக்குள் வைத்திருந்தாள். சொல்லாமல் வைத்திருந்ததில் அவளுக்கு நெஞ்செரிவே வந்துவிட்டது.

விசயம் இதுதான். ஒரே மகள் நிரோஜினி ஏ.எல். பரீட்சையில், கணிதப் பிரிவில் நல்ல புள்ளி எடுத்திருந்தாள். ஆனால் பல்கலைக்கழக இடங்களை மாவட்டவாரியாகப் பங்கிடும் நாட்டில், கொழும்பு மாவட்டத்துக்கு அந்த நல்ல புள்ளி போதவில்லை. இன்னொரு தரம் எடுக்கலாம் என்றால், அந்த ஊரில் இன்னொரு வருடம் என்பதே யோசிக்கவேண்டிய காரியமாக இருந்தது. ஆனி மாதத்தில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் விடியப்புறம் பஸ்ஸில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். ஆட்களைக் கடத்தும் வெள்ளை வான் என்ற சொல்லை எல்லோரும் குரலைத் தாழ்த்தியே சொன்னார்கள். ரியூசனுக்குப் போன பிள்ளை ஐந்து நிமிடம் பிந்தினால் சிவமணி கையில் அகப்பையோடு பல்கனியில் நிற்பாள். அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கும்.

இங்கிலாந்தில் ஒரு யூனிவர்சிற்றி, யுத்தம் நடக்கிற நாடுகளின் பிள்ளைகள் சிலருக்குப் படிப்புக் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதாகக் கேள்விப்பட்டார்கள். இருக்க இடமும் சாப்பாடும் லண்டனில் இருந்த சிவமணியின் தம்பி தருவான். கட்டணம் கட்ட அவனால் ஏலாது. ஆகவே அந்தச் சலுகை கிடைத்தால் பிள்ளை போவாள். கிடைக்காவிட்டால் இங்கேதான்.

"விசா குத்துமட்டும் ஒருத்தருக்கும் மூச்சு விடக்கூடாது" என்றார் கணவர் நாகேந்திரம். புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் கணக்கெழுதும் மனிதர். வீட்டில் வருடத்துக்கு ஒரு கட்டளைதான் இடுவார். "கண்ணூறு பொல்லாதது. உம்மடை வாய் அதைவிடப் பொல்லாதது."

இதில் அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஆட்கள் எல்லோருமே அப்படித்தான். ஒரு வீட்டில் வெளிநாட்டுக்கு ஆயத்தம் நடந்தால், ஆள் விமானம் ஏறிய பிறகுதான் பக்கத்து வீட்டுக்குத் தெரியவரும். "தம்பி எங்கை காணேல்லை?" என்று கேட்டால், "அவன் போய் ரெண்டு கிழமையாச்சே" என்பார்கள், ஏதோ கடைக்குப் போனவனைப் போல.

இப்படியான விண்ணப்பங்களைச் செய்துகொடுக்க வெள்ளவத்தையிலேயே தடுக்கி விழுந்தால் ஒரு ஆலோசகர் இருந்தார். காலி வீதி நெடுகிலும் கடைகளுக்கு மேலே கண்ணாடிக் கதவும் இங்கிலாந்துக் கொடியும். ஆனால் அந்தப் படிகளில் ஏறுவதை யாராவது கண்டால்? அதனால் சிவமணி, தெரிந்த முகம் இல்லாத இடமாகத் தேடி, கொட்டாஞ்சேனையில் கொன்ஸ்ரன்ஸ் மிஸ் என்பவரைப் பிடித்தாள். காசுக்குத் தன் காப்பில் ஒரு சோடியை விற்றாள். பத்மாவதி கையைப் பார்த்துக் கேட்டபோது, "கை வீங்குது, கழட்டி வைச்சிட்டன்" என்றாள். அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டு வீட்டுக்குள் வந்து ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள்.

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் கெட்டிக்காரி. முழங்காலுக்குக் கீழே இறங்கிய கவுன், கழுத்தில் சிலுவை, சுவர் முழுக்கப் பட்டமளிப்புத் தொப்பியும் அங்கியுமாக அவர் அனுப்பிவைத்த பிள்ளைகளின் படங்கள். எந்தச் சான்றிதழை எங்கே மொழிபெயர்க்க வேண்டும், எந்த வங்கிக் கடிதம் செல்லாது, பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துப் பிசகு என்ன கேடு செய்யும் என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில். நாகேந்திரம் தனியாக ஓடித்திரிந்திருந்தால் ஒரு வருடம் போயிருக்கும். அதில் சிவமணிக்குத் திருப்திதான்.

பிறகு கட்டுரைக்கு வந்தார்கள். பிள்ளை தன்னைப்பற்றித் தானே எழுதவேண்டிய கட்டுரை.

"மார்க்ஸ் எல்லாருக்கும் இருக்கும்மா" என்றார் மிஸ். "அவங்க பாக்கிறது கதை. பிள்ளைக்கு யுத்தத்தில என்ன நடந்திச்சு?"

நிரோஜினி தாயைப் பார்த்தாள். "ஒண்டும் நடக்கேல்லை மிஸ். ரியூசனுக்குப் போனனான், வந்தனான்."

"தொண்ணூற்றைஞ்சிலை இடம்பெயர்ந்தனாங்கள்" என்றாள் சிவமணி. "இவளுக்கு அப்ப ஏழு வயசு. வழி முழுக்க ரொபி, ரொபி எண்டு இனிப்புக் கேட்டு அழுதவள். அதுதான் நடந்தது."

"ரொபி காணாது" என்றார் மிஸ். "நீங்க விடுங்க, நான் பாத்துக்கிறன்."

இரண்டு கிழமையில் கட்டுரை வந்தது. அதன்படி, நிரோஜினி வன்னியில் ஒரு மாமரத்தின் கீழே இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் ஆங்கிலம் படிப்பித்திருந்தாள். ஷெல் சத்தம் கேட்டபோது பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னாள். ஒரு சின்னப் பெண் தன் ஒரே பென்சிலை இரண்டாக முறித்துப் பாதியை அவளுக்குக் கொடுத்தாள்.

"அம்மா, வன்னியை நான் பஸ் யன்னலாலைதான் கண்டனான்" என்றாள் நிரோஜினி. "ஒருத்தர் ஒரு கேள்வி கேட்டாலும் நான் செத்தன்."

"தின்ற கோப்பை கழுவாத நீ ஊர்ப்பிள்ளையளுக்குப் படிப்பிச்சனியாம்" என்றாள் சிவமணி. சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்த நிமிடமே முகம் இறுகிவிட்டது. "எனக்கும் தொண்டையிலை நிக்குது. எண்டாலும் விழுங்கு பிள்ளை. போய்ச் சேர்ந்தாப் பிறகு துப்பலாம்."

நிரோஜினி கையெழுத்து வைத்தாள். அன்று முழுக்கத் தாயோடு பேசவில்லை.

விண்ணப்பம் முழுவதும் வெள்ளிக்கிழமை கூரியரில் போகவேண்டும். அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை சிவமணி பைலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போனாள். சைவக்காரிதான். ஆனால் வெளிநாட்டுக் காரியம் என்றால் கொழும்பில் சைவமும் கிறிஸ்தவமும் ஒன்றாகத்தான் அந்த வரிசையில் நிற்கும். அனுப்புவதற்கு முதல் பேப்பர்களை அந்தோனியார் சிலையை மூடிய கண்ணாடியில் ஒருதரம் முட்டவைத்து எடுப்பது வழக்கம். பிறகு அப்படியே மிஸ்ஸிடம் கொடுத்துவிடலாம் என்பது அவள் திட்டம்.

பைலைக் கண்ணாடியில் முட்டவைத்துக் கண்ணை மூடி, திறந்து, திரும்பினாள். பின்னால் மெழுகுதிரியோடு பத்மாவதி நின்றாள். அவள் கக்கத்திலும் ஒரு பைல்.

"இஞ்சையோ?" என்றாள் பத்மாவதி.

"ஓம்... முழங்கால் நோவுக்கு நேர்த்தி" என்றாள் சிவமணி. "நீங்கள் புறக்கோட்டைக்குத் துணி எடுக்கப் போறன் எண்டியள்."

"துணி எடுத்திட்டுத்தான் வாறன்."

"துணியைக் காணேல்லை?"

"தைக்கக் குடுத்திட்டன்."

இருவரும் தங்கள் தங்கள் பைலைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு, பஸ் தரிப்பிடம் வரை ஒன்றாக நடந்தார்கள். கொன்ஸ்ரன்ஸ் மிஸ்ஸின் கந்தோர் அதே வீதியில்தான். மற்றவள் பஸ் ஏறட்டும், பிறகு போகலாம் என்று ஒருத்தி காத்து நின்றாள். மற்றவளும் அதற்காகத்தான் நின்றாள். இரண்டு பஸ் வந்து போயின.

மூன்றாவது பஸ்ஸுக்குப் பதிலாக இரண்டு இராணுவ ட்ரக் வந்தன. வீதியின் இரண்டு பக்கத்தையும் ஆமி மறித்தது. ஆண்களை ஒரு பக்கம், பெண்களை ஒரு பக்கம். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு, கைப்பை.

வரிசை நகரத் தொடங்கிய பிறகுதான் சிவமணிக்கு அது உறைத்தது. கைப்பைக்குள் பைல். பைலுக்குள் கட்டுரை. கட்டுரையில் மகளின் கையெழுத்தோடு, இரண்டு வருடம் வன்னியில் இருந்தேன் என்ற வசனம்.

லண்டன்காரன் வாசித்தால் கண்ணீர் விடுவான். இங்கே ஒருவன் வாசித்தால்? இயக்கத்தின் பிடியில் இருக்கிற வன்னியில் இரண்டு வருடம் பிள்ளைகளைக் கூட்டிவைத்து என்ன படிப்பித்தாய் என்று கேட்பான். மாமரம் என்று சொல்லி முடியுமா? ஒரு சிகரட் பெட்டியில் வன்னி அட்ரஸ் எழுதியிருந்ததற்கு இரண்டு வருடமாக உள்ளே இருக்கிற பொடியனை அவளுக்குத் தெரியும். தாளைக் கிழிக்க முடியாது. கை நகர்ந்தாலே காண்பார்கள். பக்கத்தில் நின்ற பத்மாவதிக்கு மேலுதட்டில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. நீ ஏனடி வியர்க்கிறாய் என்று சிவமணி அந்த நிலையிலும் நினைத்தாள்.

பெண் பொலிஸ்காரி கைப்பையைத் திறந்து பைலை எடுத்தாள். "மேக்க மொகத?" இது என்ன என்று கேட்டாள்.

"துவகே... துவ பிட்டரட்ட இகெனகன்ன யனவா" என்றாள் சிவமணி. மகள் வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள். எத்தனையோ மாதம் வயிற்றுக்குள் கிடந்த வசனம், பத்மாவதியின் காதுக்குப் பக்கத்தில், சிங்களத்தில் வெளியே வந்தது.

பொலிஸ்காரி ஏ.எல். சான்றிதழைப் பார்த்தாள். அடுத்த தாளின் நுனியில் விரலை வைத்தாள். அந்த விரல் அங்கேயே நின்றது. ஆண்களின் வரிசையில் ஏதோ சத்தம் கேட்டு அவள் திரும்பினாள். பிறகு பைலை மூடி நீட்டினாள். "யன்ன." போகச் சொன்னாள்.

அடுத்தது பத்மாவதி. அவளுடைய பைலும் வெளியே வந்தது. பத்மாவதிக்குச் சிங்களம் சிவமணியைவிட மோசம். சிவமணியைக் கையால் காட்டி, "எக்கமாய், எக்கமாய்" என்று மட்டும் சொன்னாள். இவளுக்கு என்னவோ எனக்கும் அதுதான் என்று அர்த்தம். பொலிஸ்காரி சிரித்தே விட்டாள்.

மறிப்புக்கு வெளியே வந்து ஒரு தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருவரும் இருந்தார்கள். இரண்டு தேத்தண்ணி வந்தது.

"மைதிலியோ?" என்றாள் சிவமணி கடைசியில். மைதிலி பத்மாவதியின் மகள். நிரோஜினியோடு ஒன்றாய்ப் படித்தவள்.

"ஓம். உன்ரை முழங்கால் நோ நிரோஜினியோ?"

"ஓம்." சிவமணி பைலை மடியில் போட்டாள். "அக்கா, அந்த மூதேசி அடுத்த தாளைப் புரட்டியிருந்தால் நான் இண்டைக்கு வீட்டை போயிருக்கமாட்டன். அதிலை வன்னி எண்டு எழுதிக்கிடக்கு."

பத்மாவதி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "எங்கடையிலும் வன்னி கிடக்கு."

"மைதிலி எப்ப வன்னிக்குப் போனவள்?"

"அவள் எங்கை போனவள்? மிஸ் எழுதினது. பிள்ளையளுக்குப் படிப்பிச்சவளாம்."

"மரத்துக்குக் கீழையோ?"

"ஓம்."

"மாமரமோ?"

பத்மாவதி தலையை ஆட்டினாள்.

"ஒரு சின்னப்பெட்டை பென்சிலை முறிச்சவளோ?"

"ஐயோ சிவமணி" என்றாள் பத்மாவதி மெல்ல.

அந்த யூனிவர்சிற்றியேதான். அந்தச் சலுகையேதான். வெள்ளிக்கிழமை ஒரே கூரியரில், ஒரே பிளாட்ஸ் விலாசத்திலிருந்து, ஒரே மாமரம் இரண்டு தரம் போயிருக்கும். இரண்டையும் அவர்கள் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள். இரண்டு பிள்ளைகளும் பொய்க்காரிகள் என்ற பெயரோடு இங்கேயே இருந்திருப்பார்கள். தாய்மார் இருவரும் கண்ணூறு பட்டுவிட்டது என்று நினைத்து மிளகாய் சுற்றியிருப்பார்கள்.

"எழும்புங்கோ" என்றாள் சிவமணி.

கொன்ஸ்ரன்ஸ் மிஸ் இருவரையும் ஒன்றாகக் கண்டதும் பேனையை மூடிவைத்தார். சிவமணி இரண்டு கட்டுரைகளையும் மேசையில் அருகருகே வைத்தாள்.

"மிஸ், இந்த மாமரத்திலை இன்னும் எத்தினை பேர் தொங்குகினம்?"

மிஸ் மறுக்கவில்லை. அதுதான் சிவமணிக்குப் பிடிக்காமல் போனது. ஏசுவதற்கு வாட்டமாக இல்லை. "மூணு வருசமா அனுப்புறன்" என்றார். "ஒரு முறையும் பிரச்சினை வரல்ல. வேற வேற யூனிவர்சிற்றி. நீங்க ரெண்டு பேரும் ஒரே இடத்துக்கு எண்டது என்ட கவனத்துக்கு வரல்ல, அது என்ட பிழைதான். ஆனா ஒண்டு கேக்கிறன். நீங்க ஒரே வீட்டுப் படியில ஏறி இறங்கிறீங்க. பிள்ளைகள் ஒரே வகுப்பு. ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்த சொன்னீங்களா? இந்தக் கதிரைல இருந்த ஒவ்வொரு அம்மாவும் முதல்ல சொல்றது என்ன தெரியுமா? மிஸ், வேற யாருக்கும் சொல்லிராதீங்க."

சிவமணி இரண்டு கட்டுரைகளையும் மிஸ்ஸின் பக்கமாகத் தள்ளினாள்.

"மிஸ்" என்றாள். "பேப்பர் வேலை நல்லாச் செய்தனீங்கள். ஓடித்திரிஞ்சதுக்கு நீங்கள் எடுத்த காசை நான் திருப்பிக் கேக்கமாட்டன், அது எங்களாலை ஏலாத வேலை. ஆனா என்ரை பிள்ளையின்ரை வாயை வாங்கி நீங்கள் கதைச்சது சரியில்லை. அவள் எழுதுவாள். வெள்ளிக்கிழமை கொண்டுவந்து தாறன். மற்றதெல்லாத்தையும் ஆயத்தமா வையுங்கோ."

மிஸ் கட்டுரைகளைத் திருப்பி நீட்டினார். "உது உங்களிட்டையே கிடக்கட்டும்" என்றாள் சிவமணி. "திரும்பிப் போகேக்கை இன்னும் ரெண்டு செக்பொயின்ற் கிடக்கு."

வீட்டில் நாகேந்திரம் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். மிஸ்ஸைப் பகைத்ததா, பத்மாவதிக்குத் தெரிந்ததா, எது பெரிய கேடு என்று அவருக்கு முடிவெடுக்க முடியவில்லை.

நிரோஜினி இரண்டு நாளில் எழுதினாள். தாய்க்குத் தமிழில் சொல்லிக்காட்டினாள். செக்கிங் வரிசைகளில் நிற்கும்போது பயத்தை மறக்கக் கணக்குப் போடப் பழகியது. எந்த வரிசை எவ்வளவு வேகத்தில் நகர்கிறது, ஒரு கைப்பைக்கு எவ்வளவு நேரம், எத்தனையாவது ஆளை அவர்கள் பக்கத்தில் எடுத்து நிறுத்துகிறார்கள் என்று மனதுக்குள் எழுதிப் பார்த்தது. அதனால்தான் புள்ளிவிபரவியல் படிக்க விருப்பம். கடைசியில் ரொபியும் இருந்தது. இடம்பெயர்ந்த வழியில் அழுததும், அம்மா சீலை முடிச்சிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக் கொடுத்ததும்.

"இதிலை என்ன கிடக்கு?" என்றாள் சிவமணி. "இது எல்லாருக்கும் நடக்கிறதுதானே."

"எனக்கு நடந்தது இதுதானம்மா."

வெள்ளிக்கிழமை சிவமணி அதைக் கொண்டுபோய் மிஸ்ஸிடம் கொடுத்தாள். ஆனால் மனம் கேட்கவில்லை. மாமரத்தையே கொஞ்சம் மாற்றி, புளியமரமாக்கி அனுப்பியிருக்கலாமோ என்று சோறு வடிக்கும்போது யோசிப்பாள். தபால்காரனின் சைக்கிள் மணி கேட்டால் படியில் அரைவாசி இறங்கியிருப்பாள். படியில் பத்மாவதியும் நிற்பாள். இப்போது ஒளிப்பதற்கு ஒன்றுமில்லாததால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அது ஒளிப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. மைதிலியும் தன் கட்டுரையைத் தானே எழுதி அனுப்பியிருந்தாள். சலுகை சிலருக்குத்தான். அந்தச் சிலரில் ஒரு பிளாட்ஸிலிருந்து இரண்டு பேரை எடுப்பார்களா என்பதை இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

மாசியில் ஒரு நாள் நிரோஜினி நெட் கபேயிலிருந்து ஓடிவந்தாள். மூச்சு வாங்கியது. சிவமணி முதலில் நினைத்தது வெள்ளை வானை.

"அம்மா, எடுத்திட்டாங்கள். கட்டணம் முழுக்க விட்டிருக்கிறாங்கள்."

சிவமணி நிலத்தில் குந்திவிட்டாள். நாகேந்திரம் கதவைச் சாத்தினார். "சத்தம் போடாதையுங்கோ. இன்னும் விசா கிடக்கு. ஒருத்தருக்கும்..."

"கதவைத் திறவுங்கோ" என்றாள் சிவமணி.

"உமக்கென்ன விசரே?"

"நீங்கள் சொன்ன மாதிரிச் சாத்தி வைச்சிருந்துதான் மாமரத்திலை தொங்கப் பாத்தனாங்கள்."

அவளே கதவைத் திறந்து மேல்மாடிக்கு ஏறினாள். ஏறும்போது கால் கனத்தது. சொன்னால் அந்த முகம் எப்படி மாறும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் எப்படி மாறும் என்றும் தெரியும்.

பத்மாவதி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நிரோஜினிக்கு வந்திட்டுது."

பத்மாவதியின் கை நின்றது. "எங்களுக்கு ஒண்டும் வரேல்லை" என்றாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டே, "சந்தோசம்" என்றாள். அது உண்மையான சந்தோசமா என்று சிவமணி ஆராயவில்லை. தான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அதில் பாதிகூடச் சொல்லியிருக்கமாட்டாள்.

கீழே வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லியாயிற்று. விசா நேர்முகத்தில் ஏதாவது பிசகினால் நாகேந்திரம் சாகும்வரை சொல்லிக்காட்டுவார். அவள் செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து அடுப்பை மூட்டினாள். பிள்ளையை முன்னால் நிறுத்தினாள்.

கதவடியில் பத்மாவதி வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. வெங்காயமாகவும் இருக்கலாம்.

"என்ன, எனக்குச் சொல்லிப்போட்டு மிளகாய் சுத்திறியோ?"

சிவமணி மறைக்கவில்லை. "ஓம். பயமாக் கிடக்கக்கா."

"பட்டால் என்ரை கண்தான் பட்டிருக்கும். கொண்டா இஞ்சை." பத்மாவதி மிளகாயை வாங்கி, நிரோஜினியை மூன்று தரம் சுற்றினாள். உச்சியிலிருந்து கால்வரை, தன் பிள்ளைக்குச் சுற்றுவது போல. பிறகு அடுப்பில் போட்டாள்.

கண்ணூறு இருந்தால் மிளகாய் எரிவது மூக்கில் ஏறாது, இருமல் வந்தால் கண்ணூறு இல்லை என்பது கணக்கு. எல்லோரும் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிளகாய் வெடித்தது. ஒரு நிமிடம் ஒன்றுமில்லை. நாகேந்திரம்தான் முதலில் இருமினார். பிறகு நிரோஜினி. பிறகு பத்மாவதி, சீலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, விடாமல் இருமினாள்.

"நல்லா இருமுங்கோ அக்கா" என்றாள் சிவமணி, கண்ணைத் துடைத்தபடி. "இருமி முடிச்சிட்டு மைதிலியைக் கீழை வரச்சொல்லுங்கோ. அவளுக்கு நான் சுத்திறன்."